அளப்பதும் ஆராய்ச்சியே

நம் வளாகத்தில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதுபவரை ஆராய்ச்சியாளர் என்கிறோம். கருவியைக் கழற்றிப் பூட்டி, பிழை நீக்கி, நாள் தவறாமல் அளவெடுத்துக் குறிப்பவரை 'லேப் ஆள்' என்கிறோம். முன்னவருக்கு மேடையும் மாலையும். பின்னவருக்கு நன்றியுரையின் கடைசி வரி. அதுவும் இடம் மிஞ்சினால்தான். எம்.எஸ்ஸி. இறுதியாண்டு ஆய்வுக்கு ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது, மூத்த மாணவர் ஒருவர், "இதெல்லாம் டெக்னீஷியன் வேலை, உனக்கு ஏன்?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நம்மில் பலர் உள்ளத்தில் இருப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆதலால் அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை நம் சங்க மலரின் வாயிலாக எல்லோருக்கும் சொல்ல விழைகிறேன்.

அளப்பது ஆராய்ச்சிக்கு அடிவருடி வேலையன்று; அளப்பதே ஆராய்ச்சி. இதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. இதே திருவனந்தபுரத்தில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கண்மூடிய ஒரு பெண்மணியின் வாழ்க்கை போதும். அவர் பெயர் அன்னா மாணி. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அன்னா மாணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். தந்தையார் பொறியியலாளர், ஏலத்தோட்டங்கள் உடையவர். எட்டாம் பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு தர வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியத் தொகுதிகள் வேண்டும் என்று அந்தச் சிறுமி கேட்டதாகச் சொல்வர். 1924–25இல் நடந்த வைக்கம் போராட்டம், நம் பெரியார் சிறை சென்ற அதே போராட்டம், அந்த இளம் உள்ளத்தையும் தொட்டது. அதையொட்டி அங்கு வந்த காந்தியடிகளின் தாக்கத்தால் கதர் உடுத்தலானார். அக்காமார் திருமணம் முடித்துக் குடும்பம் கண்டனர். இவரோ படிப்பைத் தேர்ந்தார்.

படிப்புக்காக அவர் வந்த ஊர் சென்னை. மாநிலக் கல்லூரியில் 1939இல் பௌதிகத்தில் ஹானர்ஸ் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர். சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். தோடாக வந்தபோது வேண்டாம் என்று தள்ளிய வைரம், அங்கே ஆய்வுப்பொருளாக அவர் கைக்கு வந்தது! வைரமும் மாணிக்கமும் ஒளியை வாங்கி மீண்டும் உமிழும் தன்மையை அவர் ஆராய்ந்தார். கல்லைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் வைத்து, அது உமிழும் மங்கிய ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதியவைக்க வேண்டும். ஒரு தகடு பதியப் பதினைந்து, இருபது மணி நேரம்கூட ஆகும். இரவெல்லாம் கண்விழித்த நாள்கள் பல. 1942க்கும் 1945க்கும் இடையே தம் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்திற்கான ஆய்வேட்டை மதராஸ் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். அந்நாளில் பெங்களூர் ஆய்வுகளுக்குப் பட்டம் தரும் பொறுப்பு அந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் இருந்தது.

பட்டம் கிடைக்கவில்லை. ஆய்வில் குறை என்று அல்ல, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று. ஹானர்ஸ் படித்தவர், ஐந்து கட்டுரை எழுதியவர், ஐந்தாண்டு ஆய்வில் வாழ்ந்தவர். அவர் செய்த வேலையைக் காட்டிலும் கையில் இல்லாத ஒரு காகிதம் கனமாகிவிட்டது. அந்த ஏடு இன்றும் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. ஏட்டை எழுதியவர் இறுதிவரை 'டாக்டர்' ஆகவில்லை.

அதே ஆண்டு அரசாங்க உதவித்தொகை ஒன்று கிடைத்தது. இலண்டனுக்குச் சென்று பௌதிகம் படிக்கவே அவர் விரும்பினார். ஆனால் அந்த உதவித்தொகை வானிலைக் கருவிகளைக் கற்பதற்கே உரியது. படையாட்களை ஏற்றும் கப்பல் ஒன்றில் ஏறிப் போனார். இம்பீரியல் கல்லூரியில் கருவிகளைக் கற்றார். விரும்பிய கதவு திறக்கவில்லை. திறந்த கதவு வழியே நுழைந்து அந்த வீட்டையே தமதாக்கிக்கொண்டார்.

1948இல் திரும்பி வந்து, புனாவில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். நாடு விடுதலை பெற்று ஓராண்டு. மழைமானி போன்ற எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்து வந்தன. பருவமழையை நம்பி வாழும் நாடு, அந்த மழையை அளக்கும் பாத்திரத்தைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்தது! எஸ். பி. வெங்கிடேசுவரன் தலைமையில் அங்கே ஒரு தொழிற்கூடம் உருவாகிக்கொண்டிருந்தது. அன்னா மாணி அதில் இறங்கினார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே செய்ய வழிவகுத்தார். 1953இல் அவர் அந்தப் பிரிவின் தலைவரானபோது அவர்கீழ் 121 ஆடவர் பணிபுரிந்தனர்.

இதில் என்ன பெரிய விஞ்ஞானம் என்று கேட்பவர்க்கு ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், காற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தை அளக்கும் கருவி நூற்றுக்குப் பத்து மிகையாகக் காட்டினால், ஆற்றல் கணக்கு நூற்றுக்கு முப்பத்துமூன்று மிகையாகிவிடும். அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கிக் காற்றாலை கட்டியவர் கதி என்ன? கருவியில் ஒரு சிறு பிழை, ஊருக்கு ஒரு பெரும் நட்டம். தவறான அளவு, அளவே இல்லாமையினும் தீது என்பது அன்னா மாணியின் கொள்கை. அளவு இல்லையேல் நமக்குத் தெரியாது என்றாவது தெரியும். தவறான அளவோ தெரிந்துவிட்டதாக நம்மை ஏமாற்றும்.

1957–58இல் உலக நாடுகள் கூடிப் பூபௌதிக ஆண்டைக் கொண்டாடியபோது, இந்த நாட்டில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலை ஒன்றை அவர் அமைத்தார். 1963இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கிணங்க, நம் ஊர்த் தும்பாவில் வானிலைக் கூடமும் அளவைக் கோபுரமும் நிறுவினார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்ததை நாம் எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறோம். ராக்கெட்டை ஏவும் முன் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று அறிந்து சொல்ல ஒருவர் வேண்டாமா? ராக்கெட்டின் படம் பாடநூலில் இருக்கிறது. காற்றை அளந்த கோபுரத்தின் படம் இல்லை.

அதே பத்தாண்டில், பலூனில் கட்டி மேலே அனுப்பும் ஓசோன்மானியை அவரும் அவருடைய குழுவினரும் இங்கேயே உருவாக்கினர். பலூன் உயர உயர, வெளிக்காற்றை அயோடைடுக் கரைசலினூடே குமிழியாகச் செலுத்துவர். காற்றிலுள்ள ஓசோன் அதில் வினைபுரிந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டத்தின் அளவே ஓசோனின் அளவு. உலகில் மிகச் சில நாடுகளே இத்தகைய கருவியைத் தாமே செய்த காலம் அது. புனா, டில்லி, நம் திருவனந்தபுரம் ஆகிய ஊர்களிலிருந்து அது பறந்தது. தென்துருவத்தின் மேல் ஓசோன் மெலிந்துவிட்ட செய்தி 1985இல் வெளிவந்து உலகை உலுக்கியது. அந்தக் கவலை பிறக்கும் முன்பே, அளவெடுக்கத் தொடங்கியிருந்தவர் நம் பீர்மேட்டுப் பெண்மணி. சர்வதேச ஓசோன் ஆணையத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார்.

இங்கே நம் சங்கத்தார் பெருமையோடு நினைக்கத்தக்க இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1893இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், 1914இல் இதே திருவனந்தபுரத்தின் மகாராஜா கல்லூரிக்குப் பௌதிகம் கற்பிக்க வந்தவர். இங்குள்ள வானிலைக் கூடத்தையும் கவனித்து, இந்த ஊரின் இடிமழையை ஆராய்ந்தவர். பின்னாளில் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். ஓசோன் ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். அவர் பெயரால் அமைந்த பதக்கம் 1987இல் அன்னா மாணிக்கு வழங்கப்பட்டது. தமிழன் பெயரில் அமைந்த பதக்கம் மலையாளப் பெண்மணியின் கைக்குச் சேர்ந்தது. இருவரையும் இணைத்தது எது? மொழியா, ஊரா? காற்று. காற்றுக்கு எல்லைக் கல் கிடையாது.

1976இல் துணைத் தலைமை இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது அரசாங்கப் பதிவேட்டில் மட்டுமே. 1980இலும் 1981இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றிய இரு பெரு நூல்களை வெளியிட்டார். பின்னர் நாடெங்கும் 700க்கும் மேற்பட்ட இடங்களின் காற்று வேகத்தை அளந்து தொகுக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியே நெல்லைக்கு இரயிலில் போகும் நண்பர்கள், ஆரல்வாய்மொழி வந்ததும் சன்னலோரம் எட்டிப் பார்ப்பதுண்டு. கணவாயில் புகுந்து சீறும் காற்றில் வெண்ணிறக் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழலும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்று நம் முன்னோர் சொல்லிவிட்டார்கள். அம்மி பறக்கும் என்பது அனுபவம். எந்த இடத்தில், எத்தனை அடி உயரத்தில், எந்த மாதத்தில், என்ன வேகத்தில் வீசும் என்று எண்ணில் சொல்வது விஞ்ஞானம். அனுபவத்தை எண்ணாக்கிக் கொடுத்தவர்களின் முன்வரிசையில் அன்னா மாணி நிற்கிறார்.

இனி, எதிர்வாதத்தையும் கேட்போம். "பட்டம் மறுக்கப்பட்டதால்தான் அவர் கருவிப் பக்கம் ஒதுங்க நேர்ந்தது. அநீதியை அழகுபடுத்திப் பேசலாமா?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அநீதி அநீதியே. பட்டம் இல்லாமலே பெரிய பதவிக்கு வந்தாரே என்று சொல்லி அதை மூடக் கூடாது. அன்னா மாணி பின்னாளில் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்பர். அவரால் முடிந்தது. தோட்டம் உடைய வீடு, நூல் நிறைந்த வீடு, ஊர்விட்டு ஊர் போய்ப் படிக்க விட்ட வீடு அவருக்கு இருந்தது. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்டும்வரை பசியின்றிக் காத்திருக்க முடிந்தது.

நம்மில் எல்லோராலும் அது முடியுமா? நானும் அதே பீர்மேட்டு மலைப்பக்கத்தவள்தான். ஆனால் தோட்டக்காரர் வீட்டுப் பெண் அல்லள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் பாட்டனார் பிழைப்புத் தேடிக் கம்பம் வழியே குமுளி மலை ஏறி வந்தவர். என் தாய் இன்றும் கொழுந்து எடுக்கிறாள். என்னைப் போன்ற பெண்ணுக்கு ஒரு காகிதம் மறுக்கப்பட்டால், அடுத்த கப்பல் வராது. லயத்துக்குத் திரும்பும் பஸ்தான் வரும். ஆகவே, அன்னா மாணியின் கதையை 'பட்டம் தேவையில்லை' என்பதற்குச் சான்றாகக் கொள்வோர் வசதி உள்ளவர்கள். நான் அப்படிக் கொள்ளவில்லை. பட்டமும் வேண்டும், அந்தப் பட்டத்தைத் தரும் விதி, செய்த வேலையைப் பார்த்துத் தரும் விதியாகவும் இருக்க வேண்டும். கருவி செய்தவளுக்கும் அது கிடைக்க வேண்டும்.

என் தந்தையார் தோட்டத்து ஆபீசில் ஏவலாளாக இருந்தவர். அவருடைய வேலைகளில் ஒன்று, காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, தேங்கிய நீரை அளவுக் குவளையில் ஊற்றி, எண்ணைப் படித்துச் சொல்வது. நாடெங்கும் மழை அளக்கும் நேரம் அதுதான். இடி இடித்தாலும், அட்டை கடித்தாலும், காய்ச்சல் கண்டாலும் அவர் தவறியதில்லை. எண்ணைச் சொல்வார்; குமாஸ்தா எழுதிக்கொள்வார்; கீழே கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். பல ஆண்டுகளாக எழுதப்பட்ட அந்தப் பேரேட்டில் அளந்தவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஹெக்டேர் நிலத்தில் பதினாயிரம் லிட்டர் தண்ணீர் என்று நான் கல்லூரியில் கற்று வந்து சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்போ ஒரு கோடு தப்பாப் படிச்சிருந்தா எவ்வளவு தண்ணி தப்பிப் போயிருக்கும், தாயி!" என்றார். பிழையின் கனத்தை நான் எந்தப் பேராசிரியரிடமும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

அந்த மலையில் பெய்யும் மழை சிறிய செய்தியா? பெரியாற்று நீர்ப்பிடிப்பில் விழும் துளி, 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணை வழியே தேனிக்கும் மதுரைக்கும் போய் வயலில் பாய்கிறது. அணைக்குக் கீழே கேரளத்தார் அச்சத்தோடு நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். கிழக்கே தமிழ்நாட்டார் ஆவலோடு அதே நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபின் அந்த அச்சம் இன்னும் ஆழமாயிற்று. இந்த வழக்கில் இரு பக்கமும் வாழும் மக்கள் நாம். பிறந்தது இங்கே, உறவு அங்கே. தேநீர்க் கடையில் ஒரு பக்கம் பேசினால் துரோகி, மறுபக்கம் பேசினால் அந்நியர். நாம் யார் பக்கம் நிற்பது? அளவின் பக்கம் நிற்போம் என்கிறேன். இரு தரப்பாரும் நம்பத்தக்க மழைக்கணக்கும் நீர்க்கணக்கும் இருந்தால் பூசல் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் ஒன்றுகூடத் தீராது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்தக் கணக்கைத் தருவது மேடைப் பேச்சன்று. மழையில் நனைந்துகொண்டு குவளையில் கோட்டைப் படிக்கும் கண்.

தலைமை என்பதைப் பற்றியும் நாம் தவறாகவே எண்ணுகிறோம். முன்னால் நிற்பவரைத் தலைவர் என்கிறோம். அன்னா மாணி செய்த தலைமை வேறு வகை. ஒரு கருவி காட்டும் அளவை இன்னொரு கருவியும் காட்ட வேண்டும். காசுமீரத்தில் எடுத்த அளவைக் கன்னியாகுமரியில் எடுத்த அளவோடு ஒப்பிட முடிய வேண்டும். தாம் இல்லாத இடத்திலும், தம் பெயர் அறியாத ஒருவர் கையிலும் அது சரியாக நடக்க வேண்டும். அதற்கான ஒழுங்கைக் கட்டியதே அவருடைய தலைமை. 121 பேரை அதட்டி வேலை வாங்குவது எளிது. 121 பேரும் பிழைக்கு அஞ்சும்படி பழக்குவது அரிது.

நண்பர்களே, சொல்லோடு நிற்க வேண்டாம் என்று ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறது; நடத்தட்டும். அதோடு, வரும் ஆகஸ்டு 23ஆம் நாள் நம் விடுதி மாடியில் மரநிழலும் சுவர்மறைப்பும் இல்லாத இடம் பார்த்து ஒரு மழைமானி வைப்போம். பெரிய செலவில்லை. அன்று தொடங்கி ஓராண்டு, ஒரு நாள் விடாமல், காலை எட்டரை மணிக்கு அளவெடுப்போம். விடுமுறையில் யார், தேர்வு நாளில் யார் என்று முறை வைத்துக்கொள்வோம். தமிழிலக்கிய மாணவரும் வரட்டும். குவளையில் கோடு படிக்கப் பௌதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மலையாள நண்பர்களையும் அழைப்போம், மழை அவர்களுடையதுந்தான். அளவு தவறினால் 'தவறியது' என்று எழுதுவோம்; ஊகித்து நிரப்ப வேண்டாம். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கை இதே மலரில் வெளியிடுவோம்.

அந்த நோட்டில் தேதிக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம், மூன்றாவதாக இன்னொரு கட்டமும் போடுவோம். அதில், அன்று அளந்தவர் தம் பெயரைத் தாமே எழுதட்டும்.